கைவிலங்கு காணாத குற்றம்

ஒருவன் தன் பகைவனைக் கொல்வதென்று முடிவு கட்டுகிறான். கைத்துப்பாக்கியை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறான். அந்நேரத்தில் தான் வேறோர் இடத்தில் இருந்ததாகப் பிறர் நம்பும்பொருட்டு, ஓர் இசை அரங்கில் நாலு பேர் கண்ணில் படும்படி நடமாடிவிட்டு, ஒருவரும் அறியாமல் நழுவி வெளியேறுகிறான். பகைவன் வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் அங்கே அவன் பிணமாகக் கிடக்கிறான். யாரோ முந்திக்கொண்டுவிட்டார்கள். இவனுடைய துப்பாக்கி வெடிக்கவேயில்லை. இவனை நாம் என்ன பெயரிட்டு அழைப்பது? கொலைகாரன் என்றா, குற்றமற்றவன் என்றா?

சட்டம் படிப்பவர்கள் தேர்வுக்காக எழுதிப் பார்க்கும் வினாவாக மட்டும் இதனை எண்ணிவிடலாகாது. மனித வாழ்வின் பெரும்பகுதி, செய்த செயல்களால் ஆனது போலவே, செய்ய நினைத்து வாய்ப்பின்றி விட்டவற்றாலும் ஆனது. அவற்றுக்கு நாம் கணக்கு வைத்துக்கொள்வதில்லை, ஊராரும் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் அவை எங்கே போய்விடுகின்றன? இக்கேள்வியை விடாப்பிடியாகக் கேட்கிற ஒரு பழைய பிரெஞ்சுத் திரைப்படத்தை முன்வைத்து இங்கே சற்றே சிந்திப்போம்.

நினைவிலிருந்து எழுந்த கதை

1947ஆம் ஆண்டு பிரான்சில் வெளிவந்த 'கே தெஸ் ஓர்ஃபேவ்ர்' என்னும் கறுப்பு வெள்ளைப் படம் அது. இயக்கியவர் ஆன்ரி ஜார்ஜ் க்ளூஸோ. பெல்ஜிய நாட்டவரான துப்பறியும் நாவலாசிரியர் ஸ்தானிஸ்லாஸ் ஆந்த்ரே ஸ்தீமான் 1942இல் எழுதிய ஒரு நாவலே அதற்கு மூலம். சட்டம் ஏற்கும் தற்காப்பு என்பது அந்நாவலின் பெயருக்குப் பொருள். திரைக்கதை எழுதத் தொடங்கியபோது நாவலின் பிரதி கிடைக்காமல், முன்பு படித்த நினைவைக் கொண்டே க்ளூஸோவும் அவருடைய துணை எழுத்தாளர் ழான் ஃபெரியும் எழுதினர் என்பர். அதனால் கதை பெரிதும் மாறிற்று; கொலையாளியே வேறொருவன் ஆனான். மூல ஆசிரியர் இதனால் மகிழவில்லை. எனினும் அவ்வாண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான பரிசு இப்படத்துக்காக க்ளூஸோவுக்குக் கிடைத்தது.

படத்தின் பெயர் ஒரு தெருவின் பெயர். பாரீஸ் நகரின் நடுவே, செய்ன் ஆறு அணைத்துக் கிடக்கும் சித்தே தீவில், 'பொற்கொல்லர் கரை' என்று பொருள்படும் அத்தெருவின் 36ஆம் எண் கட்டடத்தில்தான் பாரீஸ் குற்றப்புலனாய்வுக் காவல்துறையின் தலைமையகம் நெடுங்காலம் இயங்கிற்று. 2017இல்தான் அது நகரின் வடமேற்குப் பகுதிக்குப் பெயர்ந்தது. அதே சிறு தீவில் நீதிமன்ற மாளிகை நிற்கிறது. நோத்ர தாம் பேராலயமும் நிற்கிறது. குற்றத்தைத் தேடும் இடம், குற்றத்துக்குத் தீர்ப்பிடும் இடம், குற்றத்தை இறைவனிடம் ஒப்புவிக்கும் இடம் ஆகிய மூன்றும் சில நூறு அடிகள் நடந்தால் எட்டும் தொலைவில் அமைந்திருக்கின்றன. பொற்கொல்லர் பொன்னை உரைகல்லில் தேய்த்து அதன் மாற்றறிவர். அவர்தம் பெயர் தாங்கிய அத்தெருவில் மனிதரின் மாற்றறியும் உரைகல் எது என்பதே இப்படம் எழுப்பும் வினா என்று நாம் கொள்ளலாம்.

மூவர் மறைத்த மூன்று செய்திகள்

கதையைச் சுருக்கமாகக் காண்போம். ஜென்னி லமூர் மேடைப் பாடகி, புகழுக்கு ஏங்குபவள். அவள் கணவன் மொரீஸ் அவளுடைய பாட்டுக்குப் பியானோ இசைப்பவன். மென்மையானவன், ஆனால் பொறாமைக்காரன். ப்ரின்யோன் என்னும் செல்வந்தக் கிழவன், திரைப்பட வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை வலைவீசிப் பிடிப்பவன். அவன் கண் ஜென்னிமேல் விழுகிறது. ஓர் உணவு விடுதியில் இருவரையும் கண்ட மொரீஸ், பலர் அறியக் கிழவனைக் கொன்றுவிடுவதாக மிரட்டுகிறான். அப்படியிருந்தும் ஜென்னி, பாட்டியைப் பார்க்கப் போவதாகக் கணவனிடம் பொய் சொல்லிவிட்டு, ஒரு மாலைப்பொழுது ப்ரின்யோன் வீட்டுக்குச் செல்கிறாள்.

அங்கே கிழவன் அவளிடம் எல்லை மீறுகிறான். ஷாம்பேன் புட்டியால் அவன் தலையில் ஓங்கி அடித்துவிட்டு அவள் ஓடிவிடுகிறாள். அவன் இறந்துவிட்டான் என்றே நம்புகிறாள். தன் தோழியான புகைப்படக் கலைஞர் டோராவிடம் அழுது சொல்கிறாள். டோரா மொரீசுக்கு இளமை முதல் தெரிந்தவள். ஜென்னிமீது வாய்விட்டுச் சொல்லாத அன்பு கொண்டவள். அவள் உடனே அவ்வீட்டுக்குப் போய், ஜென்னி மறந்துவிட்டு வந்த மென்மயிர்ப் போர்வையை எடுத்துக்கொண்டு, விரல் ரேகைகளையும் துடைத்துவிடுகிறாள். இதற்கிடையில்தான் மொரீஸ் துப்பாக்கியோடு அங்கே போய்ப் பிணத்தைக் கண்டு திரும்பி ஓடுகிறான். அவன் வந்த காரையும் யாரோ திருடிவிடுகிறார்கள். கணவன் தன் செய்தியை மனைவிக்குச் சொல்லவில்லை. மனைவி தன் செய்தியைக் கணவனுக்குச் சொல்லவில்லை. தோழி இருவருக்கும் நடுவே நின்று வாய் திறக்கவில்லை.

வழக்கு, ஆய்வாளர் அந்த்வான் கைக்கு வருகிறது. லூயி ஜூவே என்ற பெரும் நாடகக் கலைஞர் ஏற்று நடித்த பாத்திரம் இது. குடியேற்ற நாடுகளில் படைப்பணி செய்து திரும்பியவர் அந்த்வான். அங்கிருந்து தம்மோடு கொண்டுவந்த கலப்பின மகன் ஒருவனைத் தனியாளாக வளர்ப்பவர். சிடுசிடுப்பும் களைப்பும் நிறைந்த அம்மனிதர் ஒவ்வொரு பொய்யாக உரித்தெடுக்கிறார். மொரீஸ் கைதாகிறான். முடிவில் தெரியவரும் உண்மை வேறு. ப்ரின்யோன் இறந்தது புட்டியடியால் அன்று, துப்பாக்கிக் குண்டால். சுட்டவன், இவர்கள் எவருக்கும் முன்பின் தெரியாத ஒரு கார்த் திருடன். மொரீசின் காரை ஓட்டிச் சென்றவனும் அவனே.

ஆக, காவல்துறை மூவரின் பொய்களையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. ஆனால் அம்மூவரில் எவரும் கொலையாளி அல்லர். இங்கேதான் நம் சிந்தனை தொடங்க வேண்டும். கொலையாளி யார் என்ற புதிர் அவிழ்ந்ததும் பெரும்பாலான துப்பறியும் கதைகள் முடிந்துவிடுகின்றன. இப்படத்திலோ, புதிர் அவிழ்ந்த பிறகுதான் கேள்வி மிஞ்சுகிறது. திருடன் சுட்டான் என்பதனால் மொரீஸ் தூயவன் ஆகிவிட்டானா?

சட்டம் எதுவரை வரும்?

சட்டத்தின் விடை தெளிவானது. பிரான்சின் 1810ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம், முயற்சியைத் தண்டிப்பதற்குச் செயல் தொடங்கியிருக்க வேண்டும் என்று விதித்தது. துப்பாக்கி தேடுவதும், வழி கேட்பதும், வாசற்படி ஏறுவதும் ஆயத்தம் மட்டுமே. மனிதன் கடைசி நொடியிலும் மனம் மாறக்கூடும் என்ற நம்பிக்கைக்கு அச்சட்டம் இடம் விட்டிருந்தது. அது நல்ல சட்டம் என்றே நாம் சொல்வோம். மனத்தில் எழும் எண்ணத்துக்கெல்லாம் கைவிலங்கு மாட்டும் அரசு எதுவோ, அதைவிடக் கொடிய அரசு வேறு இருக்க முடியாது.

எனினும் அதே சட்டம் ஒரு வழக்கில் தன் எல்லையின் ஓரத்தில் நின்று தடுமாறியதை இங்கே நினைவுகூரலாம். ஒருவர், உயிரோடு இருப்பதாக எண்ணி, ஏற்கெனவே இறந்துபோயிருந்த ஒருவரின் உடலைக் கொல்லும் நோக்குடன் தாக்கினார். இறந்தவரை எப்படிக் கொல்ல முடியும்? ஆயினும் 1986ஆம் ஆண்டு பிரான்சின் மேல்முறையீட்டு உச்சமன்றம், அது கொலை முயற்சியே என்று தீர்ப்பளித்தது. அதாவது, மொரீஸ் அந்த அறையின் அரையிருளில் கிழவன் உறங்குவதாக எண்ணி ஒருமுறை சுட்டிருந்தால், பிற்காலத்து நீதிமன்றம் ஒன்று அவனைக் குற்றவாளி என்றிருக்கும். சுடாததால் அவன் குற்றமற்றவன். இரண்டுக்கும் இடையே உள்ளது ஒரு விரலின் அசைவு. பிணத்துக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. மொரீசின் உள்ளத்தில் இருந்த கொலை வெறியும் இரண்டிலும் ஒன்றே.

இந்த இடத்தில் சட்டம் நின்றுவிடுகிறது. நின்றுவிட வேண்டியதும் முறையே. ஆனால் சட்டம் நின்ற இடத்தில் அறமும் நின்றுவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோமே, அதுதான் நம் பிழை. 'வழக்கு இல்லை' என்பதை 'வடு இல்லை' என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்கிறோம்.

தற்செயலின் கையில் நம் நற்பெயர்

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் இரு மெய்யியலார் ஒரே கருத்தரங்கில் இப்பொருளை ஆராய்ந்தனர். அறவாழ்விலும் தற்செயலுக்கு இடம் உண்டா என்பது அவர்களுடைய கேள்வி. கவனக்குறைவாக வண்டி ஓட்டும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவருடைய பாதையில் குழந்தை குறுக்கே ஓடிவருகிறது. மற்றவர் பாதையில் எவரும் வரவில்லை. முதலாமவர் வாழ்நாள் முழுதும் ஓர் உயிரைப் போக்கியவராக வாழ்கிறார். இரண்டாமவர் வீட்டுக்குப் போய் உணவருந்தி உறங்குகிறார். குறை இருவரிடமும் ஒன்றே. வேறுபாடு குழந்தையின் ஓட்டத்தில் இருந்ததேயன்றி ஓட்டுநரின் நெஞ்சில் இல்லை.

மொரீசும் அந்த இரண்டாம் ஓட்டுநரைப் போன்றவனே. அவனைக் கொலைகாரன் ஆகாமல் காத்தது அவனுடைய மனச்சான்று அன்று. ஒரு திருடனின் அவசரம். வேறொருவன் செய்த பாவத்தின் நிழலில் நின்றுகொண்டு ஒருவன் தன்னைத் தூயவன் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். பிறர் பொருளை வஞ்சகமாய்க் கவர்ந்துகொள்வோம் என்று உள்ளத்தால் எண்ணுவதையே தீமையின் கணக்கில் சேர்த்தார் வள்ளுவர். கொலை செய்யாதே என்ற பழைய கட்டளையை ஆண்டவர் மலைமீது விரித்துரைத்தபோது, உடன்பிறப்பின்மேல் கொள்ளும் சினத்தையே தீர்ப்புக்குரியது என்றார். திருப்பலியின் தொடக்கத்தில் நாம் நம் பாவத்தை அறிக்கையிடும்போது, செயலுக்கு முன்னே சிந்தனையைச் சொல்கிறோம். ஞாயிறுதோறும் சொல்லிச் சொல்லிப் பழகிப்போனதால் அந்தச் சொல்லின் கூர்மை நமக்கு மழுங்கிவிட்டது. இப்படத்தின் நாயகனை எண்ணிக்கொண்டு ஒருமுறை அதனைச் சொல்லிப் பார்த்தால், அது எவ்வளவு பெரிய குற்றங்களையெல்லாம் தன்னுள் அடக்கியிருக்கிறது என்பது விளங்கும்.

எண்ணமும் இசைவும்

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். எண்ணமும் செயலும் ஒன்றே என்றால், எண்ணியவன் செய்துவிட்டால்தான் என்ன? நல்லுள்ளம் கொண்ட எளியவர்கள், மனத்தில் தானே தோன்றி மறையும் ஒவ்வொரு தீய நினைவுக்கும் அஞ்சி நடுங்கவேண்டியதுதானா?

இல்லை. தோன்றும் நினைவு வேறு. அதற்கு நாம் கொடுக்கும் இசைவு வேறு. நினைவு வாசலில் வந்து நிற்கும் வழிப்போக்கன். அவனை உள்ளே அழைத்து அமர்த்தி, சோறிட்டு, படுக்கை விரித்துக் கொடுப்பதுதான் இசைவு. உணவு விடுதியில் மொரீஸ் கத்திய கத்தல் சினத்தின் கொந்தளிப்பு. அதனை மன்னிக்க நமக்கு மனம் வரும். ஆனால் இசை அரங்குக்குப் போய்ப் பலரிடம் முகங்காட்டிவிட்டு வெளியேறினானே, அங்கே சினம் இல்லை. கணக்குப் பார்க்கும் அறிவு இருக்கிறது. கொலைக்குப் பிந்தைய விசாரணையையும் எண்ணிப் பார்த்து, அதற்கான பொய்யையும் ஆயத்தம் செய்துகொண்டவன், தன் எண்ணத்துக்கு முழு இசைவு அளித்துவிட்டவன் அல்லவா?

தூய தோமா அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில் இதனை நுட்பமாக ஆராய்கிறார். ஒருவரின் மனஉறுதி முழுமையாக இருந்து, அவர் விரும்பாத தடை ஒன்றினால் மட்டுமே செயல் நின்றுபோகுமானால், அத்தடை அவருடைய நன்மையையும் குறைப்பதில்லை, தீமையையும் குறைப்பதில்லை என்பது அவர் கருத்து. கொடுக்க மனமிருந்தும் கையில் காசில்லாத ஏழையின் ஈகை குறைவுபடாதது போலவே, கொல்ல மனமிருந்தும் வாய்ப்புத் தவறியவனின் கொலையும் குறைவுபடுவதில்லை. ஆனால் அவர் இன்னொன்றும் சொல்கிறார். வாய்ப்பு வந்தபோது செயலில் இறங்குவதே மனஉறுதி முழுமையடைந்ததற்கு அடையாளம்.

இங்கேதான் மொரீசின் நிலை நம்மை நடுங்க வைக்கிறது. உயிரோடு எழுந்து நிற்கும் கிழவனின் கண்களை அவன் சந்தித்திருந்தால் என்ன செய்திருப்பான்? சுட்டிருப்பானா? கைநடுங்கித் துப்பாக்கியைக் கீழே போட்டிருப்பானா? அந்த மென்மையான மனிதனைப் பார்க்கும்போது இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று நமக்குச் சில வேளை தோன்றுகிறது. ஆனால் அது அவனுக்கே தெரியாது. திருடனின் குண்டு ப்ரின்யோனின் உயிரை மட்டும் பறிக்கவில்லை. தன்னைத் தானே அறிந்துகொள்ளும் வாய்ப்பையும் மொரீசிடமிருந்து பறித்துவிட்டது. தான் கொலைகாரனா இல்லையா என்பதை இறுதிவரை அறியாமலே அவன் வாழவேண்டும். இதனை அறிந்தவர் இறைவன் ஒருவரே. ஆகவேதான், பிறருக்குத் தீர்ப்பிடாதீர்கள் என்ற கட்டளை வெறும் நயத்தக்க நாகரிகம் அன்று. நம் அறிவின் எல்லையை நமக்குச் சுட்டிக்காட்டும் உண்மை.

அன்பு சொன்ன பொய்கள்

இனி, மற்ற இருவரையும் காண்போம். ஜென்னி அடித்தது தன் மானத்தைக் காத்துக்கொள்ள. மூல நாவலின் பெயரே சொல்வதுபோல் அது தற்காப்பு. அவளை எந்த நீதியும் கடிந்துகொள்ளாது. அன்றிரவே காவல்நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருந்தால், அவள் அடியால் அவன் சாகவில்லை என்பது மறுநாளே தெரிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. டோரா செய்ததும் தன்னலம் கருதாத அன்பினால்தான். ஆனால் அவள் துடைத்தது ரேகைகளை மட்டுமன்று. உண்மை வெளிவரும் வழியையும் துடைத்துவிட்டாள். இருவருடைய அன்பும் சேர்ந்து மொரீசைக் கொட்டடிக்குள் தள்ளிற்று.

அன்பினால் சொல்லும் பொய்யில் குற்றமில்லை என்று நம் குடும்பங்களில் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. கணவன் மனம் நோகக்கூடாதென்று மனைவி மறைப்பதும், மனைவி அஞ்சக்கூடாதென்று கணவன் மறைப்பதும் இல்வாழ்வின் நயம் என்றே பேசப்படுகிறது. இப்படம் அதற்கு ஓர் எச்சரிக்கை. ஒரே கூரையின்கீழ், ஒரே கட்டிலில், ஒருவருக்கொருவர் உயிரையே கொடுக்கத் துணிந்த இருவர், ஒருவர் அச்சத்தை மற்றவர் அறியாமல் விழித்துக் கிடக்கிறார்கள். உயிரைக் கொடுக்கத் துணிந்தவர்களால் ஓர் உண்மையைக் கொடுக்க முடியவில்லை. அன்பு அங்கே குறைவாக இல்லை. நம்பிக்கைதான் குறைவாக இருந்தது. நான் செய்ததை அறிந்த பிறகும் நீ என்னை நேசிப்பாய் என்று நம்பும் துணிவு இருவரிடமும் இல்லை.

இருவகை ஒப்புதல்

ஆய்வாளர் அந்த்வான் கொடியவர் அல்லர். மகன்மேல் அவர் கொண்ட பாசம் படத்தின் மிகக் கனிந்த பகுதி. ஆயினும் அவர் கையாளும் கருவி அச்சம். டோராவைத் தம் வண்டியில் ஏற்றிச் சென்ற வாடகைக் கார் ஓட்டுநரிடம் அவளை அடையாளம் காட்டச் சொல்கிறார்கள். அம்முதியவருக்கு அவளைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. பிழைப்பு போய்விடும் என்ற மிரட்டலுக்குப் பணிந்துதான் காட்டிக்கொடுக்கிறார். அவளிடம் மன்னிப்பும் கேட்கிறார். பலம் அவர்கள் பக்கம் இருக்கிறது என்பதே அவர் சொல்லும் காரணம். அவர் சொன்னது உண்மை. அந்த உண்மையைச் சொல்லவைத்த முறையோ அவரைச் சிறுமைப்படுத்திவிட்டது.

மொரீஸ் கொட்டடியில் அடைபட்டிருக்கும் இரவு, கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்திய இரவு. கேள்விகளால் துவண்டுபோன அவன், தன் மணிக்கட்டு நரம்பை அறுத்துக்கொள்கிறான். நல்ல வேளையாக மற்றவர்கள் கண்டு காப்பாற்றிவிடுகிறார்கள். கணவனுக்கு நேர்ந்ததை அறிந்தபின் ஜென்னி எதையும் மறைக்கவில்லை.

அவன் ஏன் அந்த முடிவுக்கு வந்தான்? கொலை செய்யாதவன் அல்லவா அவன்? உண்மையைச் சொல்லிவிட்டு அமைதியாகக் காத்திருக்கலாமே? முடியவில்லை. பிணத்தைத்தான் கண்டேன் என்று அவன் சொல்வது உண்மை. ஆனால் அதற்குமுன் அவன் கட்டிவைத்திருந்த பொய் அந்த உண்மையின் கழுத்தை நெரித்துவிட்டது. அதற்கும் ஆழமான காரணம் ஒன்று உண்டென்று நாம் எண்ணுகிறோம். 'நான் செய்யவில்லை' என்று வாய் சொல்லும்போதெல்லாம், 'செய்யத்தானே வந்தாய்?' என்று உள்ளே ஒரு குரல் கேட்டிருக்கும். காவலரின் கேள்விக்கு விடை சொல்லிவிடலாம். அக்குரலுக்கு அவனிடம் விடை இல்லை.

காவல்நிலையத்தில் பெறும் ஒப்புதலுக்கும் ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் செய்யும் ஒப்புதலுக்கும் உள்ள வேறுபாடு இங்கே துலக்கமாகிறது. முன்னது, 'நீ என்ன செய்தாய்?' என்பதோடு நின்றுவிடும். செய்யாததை ஒப்புக்கொள்ள அங்கே படிவம் இல்லை. பின்னது, 'நீ என்ன ஆகிவிட்டாய்?' என்பதுவரை செல்லும். முன்னது உண்மையைப் பிடுங்கிக்கொள்கிறது. பின்னது அதற்காகக் காத்திருக்கிறது. முன்னதன் முடிவு தண்டனை அல்லது விடுதலை. பின்னதன் முடிவு மன்னிப்பு. மொரீசுக்கு அந்த இரவில் தேவைப்பட்டது விடுதலையைக் காட்டிலும் பெரியதொன்று. திருடன் பிடிபட்டதும் அவனுக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் கொல்லப் போனதற்காக அவன் யாரிடம் மன்னிப்புப் பெறுவான்? கிழவன் இறந்துவிட்டான். சட்டமோ, மன்னிக்க இங்கே ஒன்றுமில்லை என்று கைவிரித்துவிட்டது.

தீர்ப்புக்கு ஆளான இயக்குநர்

இக்கேள்விகளை எழுப்பிய இயக்குநரும் தீர்ப்புக்கு ஆளானவரே. ஜெர்மானியர் பிரான்சை ஆக்கிரமித்திருந்த காலத்தில், அவர்கள் பாரீசில் நிறுவிய கோன்தினான்தால் என்ற படநிறுவனத்தில் க்ளூஸோ பணியாற்றினார். 1943இல் அந்நிறுவனத்துக்காக அவர் எடுத்த 'அண்டங்காக்கை' என்னும் படம், சிற்றூர் ஒன்றில் பெயரில்லாக் கடிதங்கள் மூட்டும் நஞ்சைப் பற்றியது. காட்டிக்கொடுக்கும் கடிதங்கள் ஆக்கிரமிப்பாளருக்குக் குவிந்துகொண்டிருந்த நாள்கள் அவை. அப்படத்தில் புகழ்பெற்ற ஒரு காட்சி உண்டு. கூரையிலிருந்து தொங்கும் விளக்கை ஒருவர் ஆட்டிவிடுகிறார். வெளிச்சமும் இருளும் முகங்களின்மேல் மாறி மாறிப் படர்கின்றன. நன்மை எங்கே முடிகிறது, தீமை எங்கே தொடங்குகிறது என்று அவர் கேட்கிறார். ஆடும் விளக்கைக் கையால் பிடித்து நிறுத்த முயல்பவரின் கை சுட்டுவிடுகிறது.

நாடு விடுதலை அடைந்ததும் க்ளூஸோவுக்கு வாழ்நாள் முழுதும் படம் எடுக்கத் தடை விதித்தார்கள். பின்னர் அது இரண்டாண்டுகளாகக் குறைந்தது. தடை நீங்கியதும் அவர் எடுத்த முதற்படமே நாம் பேசிக்கொண்டிருப்பது. பகைவரின் பணத்தில் படம் எடுத்தவர் என்ற பழி முற்றிலும் பொய்யன்று. நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்ற பழி உண்மையும் அன்று. விளக்கு ஆடிக்கொண்டிருந்தபோது பிடித்து நிறுத்த முயன்றவர்கள் பலர். அப்படிப்பட்ட ஒருவர், குற்றவாளியைத் தேடும் கதையை எடுத்துக்கொண்டு, எவரும் முழுதும் வெளிச்சத்தில் நில்லாத உலகத்தைக் காட்டியது தற்செயல் அன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர் கசப்போடு முடிக்கவில்லை. கணவனும் மனைவியும் மீண்டும் ஒன்றுசேர்கிறார்கள். பனி மூடிய கிறிஸ்துமஸ் விடியலில் ஆய்வாளரின் மகன் பனியுருண்டை எறிந்து விளையாடுகிறான்.

நமக்கு எஞ்சுவது

அந்த விடியலுக்குப் பின் மொரீஸ் என்ன செய்திருக்க வேண்டும்? 'தப்பித்தோம்' என்று பெருமூச்சு விட்டு எல்லாவற்றையும் மறந்துவிடலாம். பெரும்பாலோர் அதைத்தான் செய்வார்கள். அல்லது, தான் போகவிருந்த தொலைவை ஒருமுறை திரும்பிப் பார்த்து, அந்தக் கார்த் திருடனுக்கும் தனக்கும் இடையே உள்ள வேறுபாடு தன் தகுதியால் வந்ததன்று என்று உணரலாம். அந்த உணர்வு அவனை நொறுக்கிவிடாது, இளக்கிவிடும். இனி எந்தக் குற்றவாளியையும் அவனால் அயலான் போலப் பார்க்க முடியாது.

நமக்கும் இதுவே பாடம். நம்மில் எவரும் துப்பாக்கி தூக்கியதில்லை என்று சொல்லிக்கொள்வது எளிது. ஆனால் உடன்பிறந்தார் பாகப் பிரிவினையில் தோற்கவேண்டுமென்று நெஞ்சாரக் காத்திருந்ததில்லையா? உடன் பணியாற்றுபவர் வீழ்ந்தால் நமக்கு உயர்வு என்று எண்ணி, அவர் வீழ்ந்தபோது உள்ளூர மகிழ்ந்ததில்லையா? நாம் கைவைக்குமுன் காலமோ, நோயோ, வேறொருவரோ அக்காரியத்தை முடித்துவிட, நாம் சாவு வீட்டில் தூயவராய் நின்று ஆறுதல் சொல்லியதில்லையா? அங்கே நம் நற்பெயரைக் காத்தது எது? நம் நற்பண்பா, நம்மை முந்திக்கொண்ட தற்செயலா?

செய்தித்தாளில் ஒருவர் கைவிலங்கோடு நிற்கும் படத்தைப் பார்க்கும்போது, அவரை வெறுக்குமுன் ஒரு கணம் இக்கேள்வியை நம்மை நோக்கிக் கேட்டுப் பார்ப்போம். அவர் செய்த குற்றத்தைச் சிறிதாக்குவதற்காக அன்று. அதற்குரிய தண்டனையை நீதிமன்றம் தரட்டும். நம்முடைய வெளியே தெரியாத வழக்குகளை நாம் தள்ளுபடி செய்துவிடாமல் இருப்பதற்காக. உரைகல் பொன்னின் மேற்பரப்பைத்தான் தொடுகிறது. உள்ளே செம்பு கலந்திருக்கிறதா என்பதை அறிய உருக்கிப் பார்க்கவேண்டும். காவலரிடமும் ஊராரிடமும் நமக்குக் கிடைத்த விடுதலைகளைக் கொண்டு மனநிறைவு அடையாமல், செய்யத் துணிந்து செய்யாமல் போனவற்றையும் அருள்பணியாளர் முன் முழந்தாளிட்டுச் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். சட்டம் மன்னிக்க ஒன்றுமில்லை என்று சொன்ன இடத்திலும் மன்னிப்பதற்கு ஒருவர் காத்திருக்கிறார்.